விலக்கு கிடைத்த பழைய கார்: புகைச் சோதனை நின்றபின் நான்கு ஆண்டுகளில் நடந்தது

பின்னணி

1978இல் முதல் பதிவு பெற்ற பெட்ரோல் கார். நான்கு சிலிண்டர், காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்கும் ஒரே கார்புரேட்டர், பாயின்ட் என்ற தொடுமுனைகள் வைத்த பழைய இக்னிஷன் (பெட்ரோலைப் பற்றவைக்கும் அமைப்பு). புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கிடையாது. அந்த மாடலுக்கு அது வந்ததே இல்லை. உரிமையாளர் எழுபது வயதைத் தாண்டியவர். காரை அவரே துடைப்பார், ஆயிலையும் அவரே மாற்றுவார். வார இறுதியில் மனைவியோடு ஒரு சுற்று போய்வருவதற்கு மட்டும் வெளியே எடுப்பார். வண்டியை நேசித்து வைத்திருப்பவர் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. பின்னால் வரும் எதுவும் அக்கறையில்லாத ஒருவரின் கதை அல்ல.

அவர் இருக்கும் பகுதியின் விதிப்படி, குறிப்பிட்ட வயதைத் தாண்டிய கார்களுக்கு ஆண்டுப் புகைச் சோதனை தேவையில்லை. இந்தக் கார் அந்த வயதை எட்டியதும் விலக்கு தானாக வந்தது. அதற்காக யாரும் காரைத் திறந்து பார்க்கவில்லை, எவ்வளவு ஓடுகிறது என்று கேட்கவும் இல்லை. பிறந்த ஆண்டு ஒன்றே போதுமானதாக இருந்தது. அதற்கு முன் நடந்த கடைசிச் சோதனையில் ஐட்லிங்கில் (வண்டி நகராமல் இன்ஜின் மட்டும் மெதுவாக ஓடும்போது) கார்பன் மோனாக்சைடு 3.2 சதவீதம். அந்தத் தாளை அவர் கோப்பில் வைத்திருந்தார். பின்னால் எங்களுக்கு மிகவும் உதவியது அதுதான்.

அடுத்த நான்கு ஆண்டுகள் அந்தக் காரின் புகையை யாரும் அளக்கவில்லை. இந்த ஆய்வு அந்த நான்கு ஆண்டுகளையும் அதன்பின் வந்த ஓராண்டையும் பற்றியது. நான் புகை அளக்கும் கருவியோடு வேலை செய்பவன். இந்தக் காரை அளந்ததும் நான்தான். பழுதுபார்த்த மெக்கானிக்குடன் கூடவே இருந்தேன். உரிமையாளரின் சம்மதத்தோடும், அவரை அடையாளம் காட்டும் விவரங்கள் இல்லாமலும் எழுதுகிறேன்.

விலக்கு எதிலிருந்து?

பழைய கார்களுக்கு விலக்கு என்று ஒரே வார்த்தையில் சொன்னாலும் ஒவ்வொரு நாடும் வேறு வேறு பொருளில்தான் அதைக் கொடுக்கிறது. கலிஃபோர்னியாவில் ஒரு காலத்தில் 30 வயதான கார்கள் ஆண்டுதோறும் தாமாகவே விலக்குக்குள் வந்துகொண்டிருந்தன. 2004இல் இயற்றிய சட்டம் அந்த ஓட்டத்தை நிறுத்தியது. இப்போது அங்கே 1975 மற்றும் அதற்கு முந்தைய மாடல்களுக்கு மட்டும்தான் விலக்கு. 1976 மாடல் பெட்ரோல் கார் எத்தனை வயதானாலும் சோதனைக்கு வந்தாக வேண்டும். பிரிட்டன் எதிர்த்திசையில் போனது. 2018 மே மாதத்திலிருந்து, 40 வயதைத் தாண்டிய, பெரிதாக மாற்றியமைக்கப்படாத கார்களுக்குப் புகை மட்டுமல்ல, பிரேக், டயர், ஸ்டியரிங் எல்லாம் சேர்ந்த ஆண்டுச் சோதனையே கட்டாயமில்லை. ஆனால் வண்டி சாலைக்கு ஏற்ற நிலையில் இருக்க வேண்டும் என்ற பொறுப்பு உரிமையாளர் தலையில் அப்படியே இருக்கிறது.

ஜெர்மனியின் வழி வேறு. அங்கே 30 வயதான கார் பழமை வாகனத்துக்குரிய எண் பலகையைப் பெறலாம். அதற்கு வயது மட்டும் போதாது. வண்டி அசல் நிலையில், நன்றாகப் பராமரிக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு நிபுணர் பார்த்துச் சான்று தர வேண்டும். அதற்குப் பிறகும் காலமுறைச் சோதனை தொடரும். இந்தியாவில் 2021இல் வந்த விதிகள் 50 வயதைத் தாண்டிய வாகனங்களுக்குப் பழமைப் பதிவு தருகின்றன. பதிலுக்கு, அவற்றை அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்கின்றன.

ஆக, வயதை மட்டும் பார்ப்பது, நிலையைப் பார்ப்பது, ஓட்டத்தைப் பார்ப்பது என்று மூன்று வழிகள் இருக்கின்றன. நம் உரிமையாளரின் பகுதி முதல் வழியில் இருந்தது. நடந்ததைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாடு முக்கியம்.

முதலில் தெரிந்த அறிகுறிகள்

விலக்குக்குப் பின் இரண்டாம் ஆண்டில் பெட்ரோல் செலவு கூடியது. வண்டிக்கு வயதாகிறது என்று உரிமையாளர் எடுத்துக்கொண்டார். மூன்றாம் ஆண்டில் சைலன்சர் முனையில் விரலில் ஒட்டும் கரி படிந்தது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றியபோது நான்கும் கறுப்பாக இருந்தன; துடைத்து மாட்டினார், சில வாரங்களில் மறுபடி கறுத்தன. ஆயில் அளவுக் கம்பியை இழுத்தால் பெட்ரோல் வாசனை வந்தது. ஒவ்வொன்றும் மெதுவாக வந்ததால் எந்த நாளிலும் 'நேற்று இப்படி இல்லையே' என்று தோன்றவில்லை.

திருப்பம் அவர் மனைவியிடமிருந்து வந்தது. குளிர் நாட்களில் ஜன்னலை ஏற்றி, ஹீட்டர் போட்டுக்கொண்டு போனால் அவருக்குத் தலை வலித்தது. இறங்கி நடந்தால் சரியாகிவிடும். பழைய கார் வாசனை ஒத்துக்கொள்ளவில்லை என்று இருவரும் நினைத்தார்கள். ஒரு கட்டத்தில் அவர் அந்தக் காரில் ஏறுவதையே நிறுத்திவிட்டார்.

இதே சமயத்தில் வேறொன்றும் நடந்தது. பழைய கார் வைத்திருப்போர் சிலர் சேர்ந்த குழு ஒன்றில் இவர் உறுப்பினர். வயது விலக்கைத் தொடர்வதா, திருத்துவதா என்று போக்குவரத்து அதிகாரிகள் கருத்துக் கேட்டிருந்தார்கள். விலக்கு தொடர வேண்டும் என்று மனு எழுதக் குழு தயாரானது. 'எங்கள் கார்கள் நன்றாகப் பராமரிக்கப்படுகின்றன, சோதனை தேவையில்லை' என்பது மனுவின் மைய வாதம். அதற்கு ஆதாரமாகச் சில கார்களைத் தாங்களாகவே அளந்து காட்டலாம் என்று முடிவாகி, என்னிடம் வந்தார்கள். முதலில் முன்வந்தவர் இந்த உரிமையாளர். தன் வண்டி நல்ல எண்ணைக் காட்டும் என்று முழுமனதோடு நம்பினார்.

அளவீடு

புகை அளவீட்டில் கருவியைவிட ஆயத்தம் முக்கியம். இன்ஜின் ஆயில் நன்றாகச் சூடாக வேண்டும். குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பக் காற்றைக் குறைக்கும் தகடான சோக் முழுதாகத் திறந்திருக்க வேண்டும். குழாயை சைலன்சருக்குள் போதிய ஆழத்துக்குச் செருக வேண்டும். இவற்றைச் செய்துவிட்டு ஐட்லிங்கில் அளந்தேன்:

கார்பன் மோனாக்சைடு 4.1 சதவீதம். ஹைட்ரோகார்பன் (எரியாத பெட்ரோல்) 900 பிபிஎம் (பத்து லட்சத்தில் 900 பங்கு). கார்பன் டை ஆக்சைடு 6.4 சதவீதம். ஆக்சிஜன் 7 சதவீதம்.

அவர் காருக்கு எந்த வரம்பும் இல்லாததால் ஒரு அளவுகோல் வேண்டியிருந்தது. பிரிட்டனில் 1975 ஆகஸ்டுக்கும் 1986 ஜூலைக்கும் இடையில் பயன்பாட்டுக்கு வந்த பெட்ரோல் கார்களுக்கு வரம்பு கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1,200 பிபிஎம். அந்தக் காலத் தொழில்நுட்பத்துக்குப் பொருந்துகிற, நியாயமான எல்லை அது. முதல் இரண்டு எண்களை மட்டும் பார்த்தால் கார் பாஸ். உரிமையாளர் முகம் மலர்ந்தது.

ஆனால் மற்ற இரண்டு எண்கள் பொருந்தவில்லை. ஆரோக்கியமான பெட்ரோல் இன்ஜினின் புகையில் கார்பன் மோனாக்சைடும் கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்து 15 சதவீதத்தை ஒட்டி வர வேண்டும். இங்கே கூட்டினால் 10.5தான். கூடவே, பெட்ரோல் மிகுதியாக எரிகிற இன்ஜினில் இத்தனை ஆக்சிஜன் மிஞ்சவே கூடாது. அப்படியென்றால் வெளிக்காற்று எங்கோ நுழைந்து புகையை நீர்க்கச் செய்கிறது. சர்வதேச அளவீட்டு விதிகளில் இதற்கென்றே ஒரு திருத்தக் கணக்கு உண்டு: நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு, அளந்த கார்பன் மோனாக்சைடை 15ஆல் பெருக்கி, இரண்டு வாயுக்களின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். செய்து பார்த்தால் 5.9 வருகிறது.

காரின் அடியில் விளக்கடித்துப் பார்த்தோம். இன்ஜினிலிருந்து புகையைச் சேர்த்தெடுக்கும் மேனிஃபோல்டும் அதிலிருந்து இறங்கும் குழாயும் சேருமிடத்தில் கேஸ்கெட் (இடைவெளியை அடைக்கும் தகடு) போயிருந்தது, சுற்றிலும் கரிக்கோடு. அந்த இடைவெளி இரண்டு வேலை செய்கிறது. புகைத் துடிப்பு வெளியே தள்ளும்போது கொஞ்சம் புகை கசிகிறது. அடுத்த துடிப்புக்கு முன் உள்ளே காற்றை இழுக்கிறது. இழுத்த காற்று அளவைக் குறைத்துக் காட்டியது. கசிந்த புகை இன்ஜின் அறையில் தங்கி, முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் ஹீட்டர் காற்றுவழி மூலம் உள்ளே போனது.

கேஸ்கெட்டை மட்டும் மாற்றி மறுபடி அளந்தோம். கார்பன் மோனாக்சைடு 6 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1,350 பிபிஎம், கார்பன் டை ஆக்சைடு 10 சதவீதம். திருத்தக் கணக்கு சொன்னதுக்கு மிக அருகில். இரண்டு வரம்பையும் கார் தாண்டியிருந்தது. ஓட்டை இருந்தபோது பாஸ், ஓட்டையை அடைத்ததும் ஃபெயில். கருவி காட்டும் நான்கு எண்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று நான் எப்போதும் வற்புறுத்துவது இதனால்தான். இரண்டு எண்ணை மட்டும் எழுதிக்கொடுக்கும் சோதனை இந்தக் காரை நல்ல கார் என்று அனுப்பியிருக்கும்.

கேஸ்கெட் மாற்றுவதற்கு முன்பே காருக்குள்ளும் ஒரு அளவு எடுத்து வைத்திருந்தேன். ஜன்னல் ஏற்றி, ஹீட்டர் விசிறி ஓட, ஐட்லிங்கில் நின்றபோது உட்காரும் இடத்தில் கார்பன் மோனாக்சைடு 35 பிபிஎம். உலக சுகாதார நிறுவனம் எட்டு மணி நேரச் சராசரிக்குச் சொல்லும் எல்லை கன மீட்டருக்கு 10 மில்லிகிராம், அதாவது ஏறத்தாழ 9 பிபிஎம். ஒரு மணி நேரத்துக்கான எல்லை 35 மில்லிகிராம், அதாவது சுமார் 30 பிபிஎம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். அவர்கள் உணர்ந்த வாசனை எரியாத பெட்ரோலுடையது. அதோடு சேர்ந்து வந்ததுதான் ஆபத்து. அந்த எண்ணைப் பார்த்தபின் உரிமையாளர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அவளை ஏன் கேட்காமல் போனேன் தம்பி" என்றார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, பழுது முடியும்வரை வண்டியை ஓட்டுவதில்லை. இதில் யாருக்கும் மறுப்பில்லை.

இரண்டாவதில் வாக்குவாதம் வந்தது. கார்புரேட்டரில் ஐட்லிங் கலவையைத் திருத்தும் ஸ்க்ரூ ஒன்று உண்டு. அதைக் கொஞ்சம் உள்ளே திருகினால் ஐட்லிங்கில் எண் இறங்கிவிடும். குழு நண்பர் ஒருவர் அதைத்தான் சொன்னார்: திருகி, அளந்து, மனுவோடு இணைத்துவிடலாம், சரியான பழுதைப் பிறகு பார்க்கலாம். சோதனைக்கு முதல் நாள் பல வண்டிகளில் நடப்பது இதுவே. ஆனால் அந்த ஸ்க்ரூ ஐட்லிங் வழியை மட்டுமே ஆளும். சாலையில் ஓடும்போது பெட்ரோல் வருவது மெயின் ஜெட் என்ற வேறொரு துளை வழியாக. இன்ஜினை நிமிடத்துக்கு 2,500 சுழற்சியில் வைத்து அளந்தபோது அங்கேயும் கார்பன் மோனாக்சைடு ஏறத்தாழ அதே உயரத்தில் நின்றது. இரண்டு வேகத்திலும் ரிச்சாக, அதாவது பெட்ரோல் மிகுந்த கலவையில், ஓடுகிறது என்றால், காரணம் இரண்டு வழிகளுக்கும் முன்னால், பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் இடத்தில் இருக்க வேண்டும். ஸ்க்ரூவைத் திருகினால் எண் மட்டும் அழகாகும். நோய் அப்படியே இருக்கும். அதனால் ஸ்க்ரூவைக் கடைசியில்தான் தொடுவது என்று முடிவு செய்தோம்.

மூன்றாவது யோசனையை உரிமையாளரின் மகன் முன்வைத்தார்: ஒரு கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பொருத்திவிட்டால் என்ன? நல்ல எண்ணம்தான். ஆனால் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடு மூன்றையும் குறைக்கும் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்ய, காற்றும் பெட்ரோலும் 14.7க்கு 1 என்ற விகிதத்தை ஒட்டியே இருக்க வேண்டும். புதிய கார்களில் ஆக்சிஜன் சென்சார் நொடிக்கு நொடி அதைத் திருத்துகிறது. கார்புரேட்டருக்கு அந்தக் கண் இல்லை. மிகுதியான பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்தால் அது அளவுக்கு மீறிச் சூடாகி உருகவும் கூடும். முதலில் இன்ஜினை அதன் தயாரிப்பாளர் சொன்ன நிலைக்குக் கொண்டுவருவோம், அதற்கு மேல் தேவைப்பட்டால் யோசிப்போம் என்று தள்ளிவைத்தோம்.

பழுதுபார்ப்பு

இக்னிஷனில் தொடங்கினோம். பற்றவைப்பு சரியில்லாமல் கலவையைத் திருத்தினால், ஒன்றின் குறையை மற்றொன்று மறைத்துவிடும். பாயின்ட் இடைவெளி தேய்ந்து குறுகியிருந்தது, பொறி விழும் நேரம் (டைமிங்) பின்தங்கியிருந்தது. பாயின்ட், கண்டென்சர், பிளக் எல்லாம் புதிதாகப் போட்டு டைமிங்கைச் சரிசெய்ததும் ஹைட்ரோகார்பன் நன்றாக இறங்கியது; கார்பன் மோனாக்சைடு அசையவே இல்லை. எதிர்பார்த்ததுதான். எரியாமல் தப்பும் பெட்ரோல் இக்னிஷனின் குறை. அரைகுறையாக எரியும் பெட்ரோல் கலவையின் குறை.

அப்புறம் கார்புரேட்டர். ஏர் ஃபில்டரைக் கழற்றியதும் ஒரு விஷயம் கண்ணில் பட்டது: சோக் கேபிளை முழுதாக உள்ளே தள்ளியபின்னும் சோக் தகடு சற்று மூடியே நின்றது. கேபிள் உறைக்குள் துருப்பிடித்திருந்தது. நான் அளவீட்டுக்கு முன் பார்த்தது உள்ளே இருக்கும் கைப்பிடியை. தகட்டின் நிலையைக் காட்ட அது போதாது. கேபிளை மாற்றியதும் ஒரு சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கியது. இன்னும் பெரிய காரணம் மிச்சம் இருந்தது.

கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் அறையான ஃப்ளோட் சேம்பரைத் திறந்தோம். உள்ளே மிதக்கும் ஃப்ளோட் பித்தளைத் தகட்டால் ஆனது. இரண்டு பாதிகளையும் ஈயப்பற்று வைத்து ஒட்டியிருப்பார்கள். எடுத்து காதருகில் ஆட்டினால் உள்ளே பெட்ரோல் சலசலத்தது. சுடுநீரில் முக்கியபோது பற்றுக்கோட்டின் ஓரிடத்திலிருந்து குமிழ்கள் வந்தன. ஊசித்துளை. அது வழியாகப் பெட்ரோல் புகுந்து ஃப்ளோட் கனத்துவிட்டது. கனத்த ஃப்ளோட் தாழ்ந்து மிதக்கிறது. அதனால் பெட்ரோல் வரவை அடைக்க வேண்டிய ஊசி தாமதமாக அடைக்கிறது. சேம்பரில் மட்டம் உயர்கிறது. மட்டம் உயர்ந்தால் ஐட்லிங், மெயின் ஜெட் இரண்டுமே அதிகமாக உறிஞ்சும். ஊசியின் நுனியும் தேய்ந்து ஒரு வளையம் பதிந்திருந்தது. நான்கு ஆண்டுகளில் மெல்ல மெல்ல ஏறிய கறுப்புக்கு இங்கே விடை கிடைத்தது.

அதிகமாக ஓடும் கார்களைவிட நின்றே இருக்கும் கார்களில் இந்த வகைப் பழுதை நான் கூடுதலாகப் பார்க்கிறேன். சேம்பரில் பெட்ரோல் வற்றிப் பிசுபிசுப்பாகப் படியும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை ஈர்க்கும், பழைய ரப்பரை உப்பச் செய்யும். குறைவாக ஓடுகிறது என்பது விலக்குக்கு ஆதரவான வாதம். அதே குறைந்த ஓட்டம்தான் கார்புரேட்டரைக் கெடுக்கவும் செய்கிறது.

ஃப்ளோட்டின் துளையை ஈயம் உருக்கி அடைத்துச் சரிசெய்யலாமா என்று உரிமையாளர் கேட்டார். அசல் பாகம் என்பதில் அவருக்குப் பற்று. மெக்கானிக் மறுத்தார். உள்ளே ஒரு சொட்டு பெட்ரோல் மிஞ்சியிருந்தாலும் சூடு காட்டும்போது வெடிக்கக்கூடும். கூடுதல் ஈயம் ஃப்ளோட்டின் எடையையும் மாற்றும். தேடி, அதே அளவில் புது ஃப்ளோட்டும் ஊசியும் வாங்கினோம். கையேட்டில் சொன்ன மட்டத்துக்கு வைத்தோம். விரிசல் விட்டிருந்த கிராங்க் கேஸ் (இன்ஜினின் அடிப்பெட்டி) மூச்சுக் குழாயை மாற்றினோம். பெட்ரோல் கலந்து நீர்த்திருந்த ஆயிலை வடித்துப் புதிது ஊற்றினோம். அந்த ஆயிலோடு இன்னும் ஓராண்டு ஓடியிருந்தால் பேரிங்குகள் போயிருக்கும். எல்லாம் முடிந்தபின்தான் ஐட்லிங் ஸ்க்ரூவைத் தொட்டோம். அரைச் சுற்றுக்கும் குறைவாகவே திருக வேண்டியிருந்தது.

பழுதுக்குப் பின்

ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 380 பிபிஎம். தயாரிப்பாளர் கையேட்டின் எல்லைக்குள், கோப்பிலிருந்த பழைய தாளின் 3.2க்குச் சற்றுக் கீழே. இரண்டு வாயுக்களின் கூட்டுத்தொகையும் 15ஐ ஒட்டி நின்றது. காருக்குள், அதே நிலையில், கருவி பூஜ்யத்துக்கும் 2 பிபிஎம்முக்கும் இடையில் காட்டியது.

அடுத்த குளிர்காலம் முழுவதும் உரிமையாளரின் மனைவி அந்தக் காரில் போனார், தலைவலி வரவில்லை. முன்பு வந்த வலிக்குப் புகைதான் காரணம் என்று மருத்துவர் யாரும் பரிசோதித்து உறுதி செய்யவில்லை. ரத்தப் பரிசோதனை எதுவும் எடுக்கவில்லை. ஆனால் புகை நின்றதும் வலி நின்றது. பெட்ரோல் செலவு பழைய நிலைக்குத் திரும்பியது. ஓராண்டு கழித்து அளந்தபோது கார்பன் மோனாக்சைடு 3.1.

இங்கே ஒன்றை மறைக்கக் கூடாது. சரிசெய்த பின்னும் இது புதிய கார் போல ஆகிவிடவில்லை. ஆக்சிஜன் சென்சாரும் கன்வெர்ட்டரும் உள்ள ஒரு நல்ல காரின் ஐட்லிங் புகையில் கார்பன் மோனாக்சைடு பெரும்பாலும் 0.3 சதவீதத்துக்குக் கீழே இருக்கும். நன்றாக ட்யூன் செய்த 1978 கார் அதைப்போலக் குறைந்தது பத்து மடங்கு. பழைய கார் நேசர்கள் இந்த எண்ணை நேராகப் பார்க்கத் தயாராக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. நம் பக்கத்து நியாயம் 'நாங்களும் சுத்தம்' என்பதில் இல்லை. குறைவாக ஓடுகிறோம், எண்ணிக்கையில் குறைவு, எங்கள் காலத்து எல்லைக்குள் ஒழுங்காக இருக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. மூன்றாவதை அளக்காமல் சொல்ல முடியாது.

மனுவில் நடந்த மாற்றம்

குழுவின் மற்ற கார்களையும் அதே மாதங்களில் அளந்தோம். இந்தக் காரைவிடப் பத்து வயது மூத்த ஒன்று, கையேட்டின் எல்லைக்குள் அழகாக ஓடியது. வேறொன்றில் ரிச்சாக ஓடுவதன் அறிகுறிகள் தெளிவாகத் தெரிந்தன. வயதுக்கும் எண்ணுக்கும் நேர்த்தொடர்பு எதுவும் இல்லை.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. டென்வர் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் ஸ்டெட்மன், கேரி பிஷப் குழுவினர் 1980களின் பிற்பகுதியில் சாலையோரம் அகச்சிவப்புக் கதிரை வைத்து, கடந்துபோகும் ஒவ்வொரு காரின் புகையையும் நிறுத்தாமலே அளக்கத் தொடங்கினார்கள். பத்தில் ஒரு பங்கு வண்டிகளிலிருந்து ஏறத்தாழ பாதி கார்பன் மோனாக்சைடு வருகிறது என்பது அவர்கள் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை. அந்த மோசமான பத்தில் ஒரு பங்கில் பழையவை அதிகம் என்றாலும், பராமரிப்பு இல்லாத புதிய வண்டிகளும் இருந்தன. பராமரிப்பு உள்ள பழைய வண்டிகள் பல அதில் இல்லை. பிறந்த ஆண்டை மட்டும் பார்த்து விலக்குக் கொடுப்பதும் தவறு, அதை மட்டும் பார்த்துத் தடை போடுவதும் தவறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

மோசமான எண்களை மனுவில் சேர்ப்பதா என்று குழுவில் நீண்ட விவாதம் நடந்தது. எதிர்த்தவர்களின் பயம் பொய்யானது அல்ல. ஒரு கெட்ட எண் போதும், எல்லாக் கார்களையும் சாலையிலிருந்து அகற்றக் கேட்பவர்கள் கையில் அது ஆயுதமாகிவிடும். புதிய கார் வரம்பைப் பழைய காருக்கும் போட்டுவிட்டால் ஒன்றுகூடப் பிழைக்காது. கார்புரேட்டரைத் தொடத் தெரிந்த ஆட்கள் சோதனை மையங்களில் குறைந்துவருகிறார்கள் என்பதும் உண்மை. விவாதத்தை முடித்தது உரிமையாளர்தான். தன் காரின் முதல் அளவு, ஓட்டை அடைத்தபின் அளவு, பழுதுக்குப் பின் அளவு மூன்றையும் பெயர் இல்லாமல் சேர்க்கச் சொன்னார். உட்காரும் இடத்தில் எடுத்த அளவையும் கட்டாயம் சேர்க்கச் சொன்னார்.

மனுவின் கோரிக்கை மாறியது. 'சோதனையிலிருந்து விலக்கு' என்பதற்குப் பதிலாக, 'புதிய கார் வரம்பிலிருந்து விலக்கு' என்று கேட்டார்கள்: இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அளவீடு, ஒப்பிடுவது அந்தக் காரின் தயாரிப்பாளர் சொன்ன எல்லையோடு, தாண்டினால் பழுதுபார்க்க அவகாசம், ஆண்டு ஓட்டம் மிகக் குறைவாக இருந்தால் சலுகை.

அதிகாரிகள் இதை ஏற்கவில்லை. வயது விலக்கு இருந்தபடியே தொடர்கிறது. ஓட்டத்தை வைத்துச் சலுகை என்ற யோசனைக்கு அவர்கள் சொன்ன மறுப்பு நியாயமாகவே பட்டது: இந்தக் கார்களின் ஓடோமீட்டர்கள் ஐந்து இலக்கத்தோடு சுற்றித் திரும்புபவை, பல வேலையே செய்யாதவை, எதை நம்பிக் கணக்கெடுப்பது? ஆனால் சட்டம் கேட்காததைக் குழு தானாகவே வைத்துக்கொண்டது. கூட்டுப் பயணங்களில் கலந்துகொள்ளும் கார், அந்த ஆண்டுக்குள் எடுத்த அளவீட்டைக் காட்ட வேண்டும். எண் மோசமாக இருந்தால் விரட்டுவதில்லை, மெக்கானிக்கிடம் கூட்டிப்போகிறார்கள். இரண்டு பேர் இதற்காகக் குழுவை விட்டு விலகினார்கள்.

மறுபடி செய்தால் மாற்ற வேண்டியவை

விலக்குக் கடிதத்தின் வாசகம் மாற வேண்டும். இந்தக் காருக்கு வந்தது, 'இனி சோதனை தேவையில்லை' என்பதோடு முடிந்த அறிவிப்பு. படிப்பவருக்கு அது நற்சான்றிதழ் போலத் தோன்றும். சோதனை நின்றது, பொறுப்பு நிற்கவில்லை என்று ஒரு வரியும், ரிச்சாக ஓடுவதன் அறிகுறிகள் சிலவும் சேர்த்தால் போதும். கறுத்த பிளக், ஆயிலில் பெட்ரோல் மணம், வண்டிக்குள் தலைவலி என்று படித்திருந்தால் இந்த உரிமையாளர் இரண்டாம் ஆண்டிலேயே வந்திருப்பார்.

விலக்குக்கு முந்தைய கடைசி அளவீட்டில் நான்கு வாயுக்களின் எண்ணும் இருக்க வேண்டும். கோப்பிலிருந்த தாளில் கார்பன் மோனாக்சைடு மட்டும்தான் இருந்தது. அப்போதே புகைக்குழாய் கசிந்ததா, கேஸ்கெட் எப்போது போனது என்று அதை வைத்துச் சொல்ல வழியில்லை.

அளவீட்டுக்கு முன் சோக் கைப்பிடியை அல்ல, தகட்டைப் பார்ப்பது இப்போது எங்கள் வழக்கம். காருக்குள் எடுக்கும் அளவும் அப்படியே. பழைய கார் எது வந்தாலும் ஜன்னல் ஏற்றி, ஹீட்டர் போட்டு ஒருமுறை பார்த்துவிடுகிறோம். வீட்டில் மாட்டும் வகைக் கார்பன் மோனாக்சைடு அலாரத்தைக் காரில் வைத்துக்கொள்ளலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அவற்றில் பல, உயர்ந்த அளவு சில நிமிடங்கள் முதல் மணிக்கணக்கில் நீடித்தால்தான் ஒலிக்கும்படி அமைந்தவை. சிறு பயணத்தில் 35 பிபிஎம் அவற்றைத் தட்டி எழுப்பாமலே போகலாம். எண்ணைத் திரையில் காட்டும் கருவியே பயன்படும்.

இந்தக் காரில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. 1978இல் இந்த மாடலுக்குப் பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கரிப்பெட்டி கொடுக்கவில்லை. டேங்கிலிருந்தும் ஃப்ளோட் சேம்பரிலிருந்தும் ஆவி நேராக வெளியே போகிறது, வண்டி நிற்கும்போதும் போகிறது. சைலன்சரில் செருகும் எந்தக் கருவியும் அதைக் காட்டாது. டேங்கின் மூச்சுக் குழாயைக் கரிப்பெட்டி ஒன்றோடு இணைத்து, இன்ஜின் ஓடும்போது அந்த ஆவியை உள்ளே உறிஞ்சவைக்க முடியுமா என்று மெக்கானிக் வரைந்து பார்த்திருக்கிறார். அசல் தோற்றம் கெடாமல் அதை எங்கே பொருத்துவது என்பதில்தான் உரிமையாளருக்கும் அவருக்கும் இன்னும் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.